படிக்கட்டும் பேரேடும்

தலைமை உரை நீண்டால் முதல் அமர்வில் கட்டுரை வாசிப்பவர்தான் பாவம். என் பங்கைச் சீக்கிரம் முடித்துக்கொள்கிறேன்.

'கறுப்பினத்தவரின் நிலக்கொடைப் பல்கலைக்கழகங்கள்' என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறோம். நிலக்கொடை என்றதும் நமக்குச் செப்பேடும் நான்கெல்லையும் நினைவுக்கு வரும். 1862இல் அமெரிக்க அதிபர் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டத்தின் கொடை வேறு மாதிரி. அமெரிக்க காங்கிரஸில் ஒரு மாநிலத்துக்கு உள்ள உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் அந்த மாநிலத்துக்கு என்று கணக்கு. மிசிசிப்பி மாநிலத்துக்கு ஏழு உறுப்பினர். ஆகவே 2,10,000 ஏக்கருக்குப் பத்திரம் கிடைத்தது. நிலம் இருந்தது வேறெங்கோ. அமெரிக்கப் பழங்குடிகளிடமிருந்து கைமாறிய மண். பத்திரத்தை விற்று, பணத்தை முதலீடு செய்து, வரும் வட்டியில் கல்லூரி நடத்த வேண்டும். யார் நிலத்தை யார் கொடுத்தார்கள் என்று கேட்கத் தொடங்கினால் இந்தக் கருத்தரங்கின் பெயரையே மாற்ற வேண்டிவரும்.

மிசிசிப்பிக்குக் கிடைத்த அந்தப் பணத்தில் ஐந்தில் மூன்று பங்கு 1871இல் தொடங்கிய ஆல்கார்ன் கல்லூரிக்கு என்று முடிவாயிற்று. கறுப்பின மக்களுக்காக எழுந்த முதல் நிலக்கொடைக் கல்லூரி அதுதான். முதல் தலைவர் ஹைரம் ரெவல்ஸ், அமெரிக்க செனட்டில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர். ஆண்டுக்கு 50,000 டாலர் வீதம் பத்தாண்டு தருவதாக மாநிலம் வாக்களித்தது. 1876இல் வந்தது 5,500 டாலர். அந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விடுதலைபெற்ற மக்களின் வாக்குரிமை வன்முறையால் ஒடுக்கப்பட்டு, ஆட்சி கைமாறிய காலம் அது. 1878இல் வெள்ளையருக்கென வேறொரு வேளாண் கல்லூரியும் நிறுவப்பட்டது.

1890இல் வந்த இரண்டாம் மோரில் சட்டம், மாணவர் சேர்க்கையில் நிறம் பார்க்காதே, பார்த்தால் தனிக் கல்லூரி வைத்துப் பணத்தை நியாயமாகப் பங்கிடு என்றது. எது நியாயம் என்பதை அந்தந்த மாநிலமே முன்மொழியலாம் என்றும் விட்டது. பாலுக்குப் பூனை காவல்! 1914இல் ஊர் ஊராகச் சென்று உழவருக்குக் கற்பிக்க மத்திய அரசு நிதி ஒதுக்கியபோதும், தென்மாநிலங்களில் அது வெள்ளையர் கல்லூரிகளின் கைக்கே போயிற்று.

இத்தனைக்கும் அந்த வேலையை முன்பே செய்து காட்டியவர்கள் கறுப்பினத்தவர். அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி தனியார் கல்வி நிறுவனம்தான். ஆனாலும் இந்தக் கல்லூரிகளின் குடும்பத்தில் சேர்த்தே பேசப்படுகிறது. அங்கே 1906இல் வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் யோசனைப்படி ஒரு வண்டி புறப்பட்டது. கலப்பை, வெண்ணெய் கடையும் கருவி, விதைகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, தாமஸ் கேம்பல் குத்தகை உழவர்களின் வயலுக்கே போனார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. என்னைக் கேட்டால், இந்தக் கல்லூரிகளின் நோக்கத்தை எந்த ஆண்டு மலரையும்விட அந்த வண்டி நன்றாகச் சொல்கிறது.

பேரேடு சொல்வது வேறு கதை. 2023 செப்டம்பரில் அமெரிக்க மத்தியக் கல்வி, வேளாண்மை அமைச்சர்கள் 16 மாநில கவர்னர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். அதன்படி, முப்பதாண்டுகளில் இந்தக் கல்லூரிகளுக்குச் சேராமல்போன மாநில நிதி 1,200 கோடி டாலருக்கு மேல். ஆல்கார்னுக்கு மட்டும் 25 கோடி டாலரைத் தாண்டும். பட்டியலில் டென்னசிதான் மோசம், 200 கோடி டாலருக்கும் அதிகம்.

ஆல்கார்ன் வளாகத்தில் ஓக்லேண்ட் தேவாலயம் நிற்கிறது. உள்நாட்டுப் போருக்கு முன் அங்கே வெள்ளையருக்கான கல்லூரி நடந்தது; கட்டடத்தை எழுப்பியவர்கள் அடிமைகள். அதன் இரும்புப் படிக்கட்டு, அருகே 1890இல் எரிந்துபோன, பருத்திப் பண்ணை முதலாளி ஒருவரின் வின்ட்சர் என்ற மாளிகையிலிருந்து கழற்றிக் கொண்டுவரப்பட்டது. பிள்ளைகள் இன்றும் அதில்தான் ஏறுகிறார்கள்.

முதல் கட்டுரை 1875, 1876 நிதி ஒதுக்கீடுகளைப் பற்றியது. வாசிப்பவரை மேடைக்கு அழைக்கிறேன்.