வட்டி எவ்வளவுன்னு அப்புறம் கேக்கலாம்

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கம் இல்லை. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். வீட்டு வேலை, ரெண்டு பிள்ளைகள், நாலு ஆடு, சீசன்ல காலையில மல்லிப் பூ எடுக்கப் போறது, இதுதான் என் உலகம். தலைவி அக்காதான், "நீ பட்ட பாட்டச் சொல்லு, அதுவே போதும்" என்று சொல்லி ஏத்தி விட்டாங்க. அதனால சேமிப்பைப் பத்தி நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன். தப்பா ஏதும் சொன்னா மேடத்துகிட்ட கேட்டுத் திருத்திக்கோங்க.

இதோ என் கையில ஒரு மஞ்சள் அட்டை இருக்கு. பின்னாடி இருக்கவங்களுக்குத் தெரியுதா? இது 2019ஆம் வருஷத்துத் தீபாவளிச் சீட்டு அட்டை. மாசம் 500 ரூபாய், பன்னிரண்டு மாசம். முடிஞ்சா அரை பவுனுக்குக் கொஞ்சம் கம்மியா தங்கம், ஒரு வெள்ளிக் காசு, எண்ணெய், பருப்பு, இனிப்பு, பட்டாசு, ஒரு பாத்திரம் என்று சொன்னார் நடத்தினவர். பன்னிரண்டு கட்டம் போட்டிருக்கு. பத்துக் கட்டத்துல அவர் கையெழுத்துக்கூட இல்லை, ஒரு கோணல் கிறுக்கல்தான் இருக்கு. பதினோராவது கட்டம் காலி. அந்த மாசம் அவர் வீட்டுல பூட்டு தொங்குச்சு.

என் 5,000 ரூபாய் போனதைக்கூட நான் தாங்கிக்கிட்டேன். ஆனா என் பேச்சைக் கேட்டு எங்க தெருவுல மூணு பேர் சேர்ந்திருந்தாங்க. அதுல ஒருத்தர் கீரை விக்கிற அப்பத்தா. அவங்க என்கிட்ட வந்து சண்டை போடல. "என்ன தாயி, தீவாளிக்கு வந்துருவானா?" என்று மட்டும் கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு அப்புறம் எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல. வீட்டுக்காரருக்குத் தெரியாமக் கட்டின சீட்டு வேற. கடைசியில குழுவுல 5,000 கடன் வாங்கி அப்பத்தாவுக்குக் கொடுத்தேன். வீட்டுலயும் சொல்லிட்டேன். ஏச்சு விழுந்துச்சு, வாங்கிக்கிட்டேன். மத்த ரெண்டு பேரும் "நீயும்தானே ஏமாந்த, விடு" என்று சொல்லிட்டாங்க. ஆனாலும் அவங்களப் பாத்தா இன்னைக்கும் எனக்குக் கண்ணு தாழும்.

நான் ஏன் அவரை நம்பினேன்? தங்கத்துக்கு ஆசைப்பட்டது ஒண்ணு. அது மட்டும் இல்லை. அவர் வீட்டு வாசலுக்கே வந்தார். "என்னம்மா, பிள்ளை எப்படி இருக்கு?" என்று கேட்டார். தபால் ஆபீசுக்குப் போனா பாரம் எழுதணும், கையெழுத்து மாறக் கூடாது, சில்லறை சரியா இருக்கணும், "நாளைக்கு வாங்க" என்று சொன்னாத் திரும்பணும். அந்தக் கூச்சம்தான். நல்லாப் பேசுற ஆளா, நாலு பேருக்குப் பதில் சொல்ற இடமா என்று பிரிச்சுப் பாக்க எனக்குத் தெரியல.

இத்தனைக்கும் நான் பள்ளிக்கூடத்துல படிக்கும்போது சஞ்சாயிகா என்று ஒரு சேமிப்பு இருந்துச்சு. உங்கள்ல பல பேருக்கு ஞாபகம் இருக்கும். டீச்சர்கிட்ட அஞ்சு, பத்து கொடுத்தா சின்னப் புத்தகத்துல எழுதித் தருவாங்க. வருஷக் கடைசியில எண்ணித் தருவாங்க. எழுதின புத்தகம் நம்ம கையில இருக்கணும் என்று எட்டு வயசுல தெரிஞ்ச விஷயம், முப்பது வயசுல மறந்து போச்சு.

அப்புறம் ரெண்டு வருஷம் யாரையும் நம்பல. சூடு கண்ட பூனை மாதிரி. கையில கிடைச்சதை அரிசிப் பானைக்குள்ள போட்டு வச்சேன். பானையில போட்ட பணம் குட்டி போடாது அக்கா. போடாததோட குறையவும் செய்யும். திருவிழா வந்தா நூறு, மாமியாருக்கு மருந்து நூறு, தம்பி வந்து கேட்டா ஐந்நூறு. ரெண்டு வருஷம் கழிச்சு எண்ணிப் பாத்தா 1,100 ரூபாய் இருந்துச்சு.

2021ல என் மகளுக்கு 7 வயசு. அந்த 1,100 ரூபாயையும் அவ பிறப்புச் சான்றையும் என் ஆதாரையும் போட்டோவையும் எடுத்துக்கிட்டு எங்க ஊர்க் கிளைத் தபால் ஆபீசுக்குப் போனேன். அங்க இருந்த பொண்ணு என்னை உக்கார வச்சுப் பாரம் எழுதித் தந்துச்சு. செல்வமகள் சேமிப்புக் கணக்கு திறந்தேன். வீட்டுக்கு வந்து பாஸ்புத்தகத்தை எத்தனை தடவை எடுத்துப் பாத்தேன் என்று எனக்கே தெரியாது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எழுதத் தெரிஞ்சவங்க எழுதிக்கோங்க.

செல்வமகள் திட்டம் 2015ல வந்தது. பொண்ணுக்கு 10 வயசு முடியுறதுக்குள்ள தொடங்கணும். அம்மாவே தொடங்கலாம், வீட்டுக்காரர்தான் வரணும் என்று இல்லை. ஒரு வீட்டுல ரெண்டு பொண்ணுக்குத் தொடங்கலாம். வருஷத்துக்குக் குறைஞ்சது 250 ரூபாய், அதிகம் போனா ஒன்றரை லட்சம். 15 வருஷம் கட்டணும், 21 வருஷத்துல முதிரும். பொண்ணு பத்தாவது முடிச்சாலோ 18 வயசு ஆனாலோ மேல்படிப்புக்குப் பாதிப் பணம் வரை எடுக்கலாம். 18க்கு மேல கல்யாணம் என்றால் கணக்கை முடிச்சு வாங்கிக்கலாம். நான் சேர்ந்தப்ப வட்டி 7.6 சதவீதம், இப்ப 8.2. மூணு மாசத்துக்கு ஒரு தடவை அரசாங்கம் வட்டியை அறிவிக்கும், ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். இன்னைக்கு ஒருத்தர் மாசம் 500 என்று தொடங்கினா 15 வருஷத்துல கட்டுறது 90,000. இதே வட்டி நின்னா முதிரும்போது இரண்டரை லட்சத்துக்கு மேல வரும். ஒரு சின்ன சூட்சுமம்: மாசம் 5ஆம் தேதிக்குள்ள கட்டிட்டா அந்த மாச வட்டியும் அந்தப் பணத்துக்குச் சேரும். 6ஆம் தேதி கட்டினா அடுத்த மாசத்துலருந்துதான்.

பையன் வச்சிருக்கவங்க முகம் வாடுது. பையனுக்கும் உண்டு. பொது வைப்பு நிதி, நம்ம ஊர்ல பொன்மகன் என்று சொல்வாங்க. வருஷத்துக்குக் குறைஞ்சது 500, காலம் 15 வருஷம், வட்டி 7.1. என் மகனுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை கிடாய் விக்கிறப்பப் போடுறேன். அவனுக்கு அடுத்த தை மாசம் 10 வயசு முடியுது. 10 வயசு முடிஞ்ச பிள்ளை தபால் ஆபீசுல தன் பேருலயே சாதாரண சேமிப்புக் கணக்கு தொடங்கி, தானே கையெழுத்துப் போடலாம். 500 ரூபாய் இருந்தாப் போதும், வட்டி 4 சதவீதம். வட்டி பெருசு இல்லதான். ஆனா பாரம் எழுதக் கூசாத பிள்ளையா அவன் வளரணும் என்று ஆசைப்படுறேன்.

நமக்கு என்று ஒண்ணு வேணும். அதுக்கு ஆர்.டி. நல்லது. மாசம் 100 ரூபாயிலிருந்து, 5 வருஷம். வட்டி 6.7 சதவீதம், தொடங்கின அன்னைக்கு என்ன வட்டியோ அதுதான் கடைசி வரைக்கும். 2023 செப்டம்பர்லருந்து மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருது இல்லையா? அடுத்த மாசமே அதுல 300க்கு ஆர்.டி. போட்டேன். 5 வருஷத்துல நான் கட்டுறது 18,000, கைக்கு வர்றது 21,400 சொச்சம். 500 மகளுக்கு. மிச்சம் 200 குழுச் சேமிப்புக்கு. இதுலயும் ஒரு விஷயம் இருக்கு. ஆர்.டி.யை 15ஆம் தேதிக்குள்ள தொடங்கினா மாசாமாசம் 15க்குள்ள கட்டணும். 16க்கு மேல தொடங்கினா மாசக் கடைசி வரைக்கும் நேரம். உரிமைத் தொகை 15ஆம் தேதி வாக்குலதான் வருது, அதனால நான் 16க்கு மேலதான் தொடங்கினேன். தவணை தவறினா 100 ரூபாய்க்கு மாசம் 1 ரூபாய் அபராதம். தொடர்ந்து விட்டுட்டா கணக்கு நின்னு போகும். அதனால பூ விலை ஏறுன மாசத்தை மனசுல வச்சுப் பெரிய தொகை போடாதீங்க. மழைக்காலத்துலயும் கட்ட முடியுற தொகையைப் போடுங்க.

பணம் எங்க பத்திரம் என்று கேட்டா, தபால் ஆபீஸ் சேமிப்புக்கு மத்திய அரசே பொறுப்பு. வங்கியில போட்ட பணத்துக்கு, அந்த வங்கி நொடிச்சுப் போனாக்கூட, ஒரு ஆளுக்கு ஒரு வங்கியில வட்டியோட சேர்த்து 5 லட்சம் வரைக்கும் காப்பீடு உண்டு. 2020லருந்து இந்த அளவு. கூட்டுறவு வங்கிக்கும் இது பொருந்தும். ஆனா நம்ம ஊர்த் தொடக்க வேளாண்மைக் கடன் சங்கத்துல போடுற டெபாசிட்டுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. அங்க போகாதீங்க என்று நான் சொல்லல. அவசரத்துக்கு நகைக்கடன் தர்றது அவங்கதான். மொத்தப் பணத்தையும் ஒரே இடத்துல வைக்காதீங்க, அவ்வளவுதான்.

வங்கிக்குப் போனாலும் கண்ணைத் திறந்து வச்சுக்கணும். எங்க தெரு மதினி ஒருத்தர் டெபாசிட் என்று நினைச்சுக் கையெழுத்துப் போட்டாங்க, வீட்டுக்கு வந்து பாத்தா அது இன்சூரன்ஸ். வருஷாவருஷம் கட்டணுமாம். "இது டெபாசிட்டா, இன்சூரன்சா?" என்று வாய்விட்டுக் கேளுங்க. கேட்டா யாரும் அடிக்க மாட்டாங்க.

யாராவது வந்து சீட்டு என்றோ, டெபாசிட் என்றோ சொன்னா நான் இப்ப மூணு கேள்வி கேக்குறேன். ஒண்ணு, இதைப் பதிவு பண்ணியிருக்கீங்களா, பதிவுச் சான்றைக் காட்டுங்க. சீட்டு நடத்த 1982லயே சட்டம் இருக்கு, பதிவு இல்லாம நடத்தக் கூடாது. ரெண்டு, கட்டினதுக்குத் தேதி போட்டு, முத்திரை வச்சு ரசீது தருவீங்களா? மூணு, நாளைக்கு நீங்க இல்லாமப் போனா நான் யார்கிட்டப் போய்க் கேக்குறது? இந்த மூணுக்கும் பதில் வந்த பிறகுதான் வட்டி எவ்வளவு என்று கேப்பேன். தபால் ஆபீசும் வங்கியும் வருஷத்துக்கு 7, 8 ரூபாய் தர்ற காலத்துல, ஒருத்தர் மாசத்துக்கு 5, 10 தர்றேன் என்று சொன்னா, அந்தப் பணம் எங்கிருந்து வரும்? அடுத்து வர்றவங்க பணத்துலருந்துதான் வரும். ஏமாந்துட்டா வெக்கப்பட்டு வீட்டுல உக்காராதீங்க. பொருளாதாரக் குற்றப் பிரிவு என்று போலீசுல தனியா இருக்கு. முதலீட்டாளர்களைக் காப்பாத்த 1997லருந்து நம்ம மாநிலத்துல சட்டமும் இருக்கு. ஆனா காட்டுறதுக்கு ரசீது வேணும். என்கிட்ட இந்தக் கிறுக்கல் அட்டைதான் இருந்துச்சு.

இன்னொண்ணு. வெளியில 100க்கு மாசம் 5 ரூபாய் வட்டிக்கு வாங்கியிருக்கவங்க முதல்ல அதை அடைங்க. அது வருஷத்துக்கு 60 ரூபாய். ஒரு பக்கம் 60 கொடுத்துக்கிட்டு இன்னொரு பக்கம் 8 வாங்குறது ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிக்கிற மாதிரி. குழுக் கடன் எடுத்தாவது அதை முடிச்சுட்டுச் சேமிக்கத் தொடங்குங்க. 250 ரூபாய் போட்டு மகள் கணக்கை மட்டும் உயிரோட வச்சுக்கோங்க, வயசு போயிட்டாத் திரும்பத் தொடங்க முடியாது.

கணக்கு எதுவா இருந்தாலும் வாரிசுப் பேரு பதிஞ்சிருக்கா என்று பாருங்க. பணம் கட்டின உடனே பாஸ்புத்தகத்துல தொகை, தேதி, முத்திரை மூணும் விழுந்திருக்கா என்று அங்கேயே நின்னு பாருங்க. "அப்புறம் பதிஞ்சு தர்றேன்" என்று சொன்னா, "இருக்கேன் சார், பதிஞ்சே கொடுங்க" என்று சொல்லுங்க. போன்ல வர்ற நம்பரை யாருக்கும் சொல்லாதீங்க.

கடைசியா கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாசக் குழுக் கூட்டத்துக்கு எல்லாரும் அவங்கவங்க பாஸ்புத்தகத்தைக் கொண்டு வரணும். எவ்வளவு இருக்கு என்று யாரும் சொல்ல வேண்டாம், அது அவங்க சொந்த விஷயம். முத்திரை இருக்கா, வாரிசு இருக்கா, விட்டுப்போன தவணை இருக்கா என்று மட்டும் படிக்கத் தெரிஞ்சவங்க தெரியாதவங்களுக்குப் பாத்துச் சொல்லணும். 10 வயசு நெருங்குற பொண்ணுங்க யார் யார் வீட்டுல இருக்காங்க என்று ஒரு பட்டியல் எடுத்து, கூட்டிட்டுப் போய்க் கணக்கு தொடங்கி வைக்கணும். கூட வர நான் தயாரா இருக்கேன். அன்னைக்கு நாலு பேரைத் தப்பான இடத்துக்குக் கூட்டிட்டுப் போனவ நான். அதைச் சரிக்கட்ட எனக்கு வேற வழி தெரியல.

கீரைக்கார அப்பத்தா இப்ப மாசம் 100 ரூபாய் ஆர்.டி. கட்டுறாங்க. அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுதான். மாசாமாசம் கட்டிட்டு வந்து புத்தகத்தை என்கிட்டக் கொடுத்து, "முத்திரை இருக்கா பாரு தாயி" என்று கேப்பாங்க. இப்பவும் என்கிட்டத்தான் கேக்குறாங்க.