வியாதியோடு வாழும் தாய்க்கு எந்தக் கருத்தடை முறை பொருந்தும்?

(நமது மருத்துவமனையின் ஆதரவாளர் கூடுகையில், பெண்கள் நலப் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



இந்தக் கூடுகையில் வழக்கமாக நாங்கள் பிரசவ வார்டைப் பற்றியும் ஆபரேஷன் தியேட்டரைப் பற்றியும் சொல்லுவோம். இந்த முறை, எங்கள் ஓ.பி.யில் கதவைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசப்படும் ஒரு காரியத்தைச் சொல்ல விரும்புகிறோம். கருத்தடையைப் பற்றிச் சபையார் நடுவில் பேசுவது உங்களில் சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். ஆனால் நாங்கள் சொல்லப்போவது, இன்னொரு கர்ப்பத்தைத் தாங்க முடியாத உடம்போடு எங்களிடம் வருகிற தாய்மாரைப் பற்றியது. ஆகவே பொறுமையாய்க் கேட்கும்படி வேண்டுகிறோம்.

முதலில் எங்கள் குறையையே சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஒரு சகோதரி எங்களிடம் கருத்தடை மாத்திரை வாங்கி வந்தாள். மாதந்தோறும் தவறாமல் வருவாள். ஒரு நாள் வாந்தியும் மயக்கமுமாக வந்தாள். பரிசோதித்தபோது இரண்டு மாதக் கர்ப்பம். "மாத்திரையை எத்தனை நாள் விட்டாய்?" என்று எங்கள் நர்ஸ் கேட்டார். அவள் அழுதுவிட்டாள். "ஒரு நாள்கூட விடல சிஸ்டர். அந்த மாத்திரையும் விடல, இந்த மாத்திரையும் விடல" என்றாள். எந்த மாத்திரை என்று கேட்டபோது பையிலிருந்து இன்னொரு சீட்டை எடுத்துக் காட்டினாள். அது காசநோய்ச் சீட்டு. மூன்று மாதமாக வேறொரு இடத்தில் காசநோய்க்கு மருந்து வாங்கிச் சாப்பிட்டு வந்திருக்கிறாள். அப்போது அவள் எடை 38 கிலோ.

காசநோய்க்குத் தரப்படும் முக்கியமான மருந்து ரிஃபாம்பிசின். சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்குகிற மருந்து என்றால் உங்களில் பலருக்குத் தெரியும். அது கல்லீரலைத் தூண்டிவிடுவதால், கருத்தடை மாத்திரையிலுள்ள ஹார்மோன் வழக்கத்தைவிட வேகமாகச் சிதைந்து உடம்பைவிட்டு வெளியேறிவிடுகிறது. மாத்திரையைத் தினமும் விழுங்கினாலும் போதிய பாதுகாப்பு இராது. மருந்தை நிறுத்திய பிறகும் ஏறக்குறைய நான்கு வாரம் இதன் வேகம் இருக்கும். அந்தச் சகோதரி ஒரு தவறும் செய்யவில்லை. "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாயா அம்மா?" என்ற ஒரு கேள்வியை நாங்கள்தான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசியையோ காப்பர் டியையோ சொல்லியிருப்போம். அவற்றின் பலனை ரிஃபாம்பிசின் கெடுப்பதில்லை. காசநோய் மருந்துகளை நிறுத்தாமலே அவள் அந்தக் கர்ப்பத்தைச் சுமந்தாள். குழந்தை எடை குறைவாகப் பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனாலும் அந்த ஒன்பது மாதமும் அவள் பட்ட பாடு எங்கள் மனதைவிட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் எங்கள் ஓ.பி.யின் பழக்கத்தை மாற்றினோம். குடும்ப நலத்துக்கென்று வருகிற எவரிடமும், முறையைப் பற்றிப் பேசுமுன், என்ன வியாதி, என்ன மருந்து என்று கேட்கிறோம். சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் மேஜைமேல் வைக்கச் சொல்லுகிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 1996இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அதன்பின் பலமுறை திருத்தியும் இருக்கிறது. ஒவ்வொரு வியாதிக்கும் ஒவ்வொரு முறைக்கும் 1 முதல் 4 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். 1 என்றால் தடையில்லை. 2 என்றால் பொதுவாக நன்மையே அதிகம். 3 என்றால் பொதுவாகத் தீங்கே அதிகம், வேறு வழியில்லாவிட்டால் மட்டும் டாக்டரின் மேற்பார்வையில். 4 என்றால் கூடவே கூடாது. எந்த முறையும் எல்லாருக்கும் நல்லதும் அல்ல, எல்லாருக்கும் கெட்டதும் அல்ல என்பதே இதிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்ட பாடம்.

இரண்டு உதாரணம் சொல்லுகிறோம். 38 வயதுள்ள ஒரு தாய் எங்களிடம் வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி சாப்பிட்டு நன்றாக இருக்கிறாள் என்று தனக்கும் அதே மாத்திரையைக் கேட்டாள். பிரஷர் பார்த்தோம். 170க்கு 104 இருந்தது. தனக்குப் பிரஷர் இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். சாதாரணக் கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இருக்கிறது. பிரஷர் 160க்கு 100ஐத் தொட்டுவிட்டால் அந்த மாத்திரை கூடவே கூடாது. பக்கவாதமும் மாரடைப்பும் வரும் ஆபத்தைக் கூட்டும். 140க்கு 90 ஆனாலே வேறு முறையைத் தேடுவது நல்லது. காலில் இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கும், கண்முன் மின்னல் கோடுகள் தோன்றி அதன்பின் ஒற்றைத் தலைவலி வருகிறவர்களுக்கும் அந்த மாத்திரை ஆகாது. இந்தத் தாய்க்குக் காப்பர் டி போட்டோம். பிரஷருக்கும் மருந்து தொடங்கினோம்.

அதே வாரத்தில் இன்னொரு பெண் வந்தாள். வயது 24. முகம் வெளிறிப்போயிருந்தது. மாதவிலக்கில் அளவுக்கு மீறி இரத்தம் போகிறது, சோகை. அவளுக்குக் காப்பர் டி போட்டால் இரத்தப்போக்கு இன்னும் கூடலாம். பிரஷர் சரியாக இருந்தது, வேறு வியாதி இல்லை. முதலாவது தாய்க்கு நாங்கள் மறுத்த அதே மாத்திரை இவளுக்கு ஏற்றதாயிற்று. அது கருவைத் தடுப்பதோடு இரத்தப்போக்கையும் குறைக்கும். கூடவே இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தோம். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஒத்துக்கொண்டது நமக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எண்ணலாகாது என்பதற்காகவே இதைச் சொல்லுகிறோம்.

வலிப்பு நோயுள்ள பெண்களிடம் இன்னும் கவனமாயிருக்கிறோம். ஃபெனிட்டாயின், கார்பமசெபின், ஃபினோபார்பிட்டோன் ஆகிய மருந்துகளும் ரிஃபாம்பிசினைப் போலவே கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். லாமோட்ரிஜின் என்ற மருந்தில் காரியம் தலைகீழ். அங்கே கருத்தடை மாத்திரைதான் வலிப்பு மருந்தின் அளவை இரத்தத்தில் குறைத்து, அடங்கியிருந்த வலிப்பை மறுபடியும் வரச்செய்யும். வால்புரோயேட் என்ற மருந்தோ வயிற்றிலுள்ள சிசுவுக்கு ஊனம் உண்டாக்கக்கூடியது. இதைக் கேட்டுவிட்டு யாரும் வலிப்பு மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. எந்த மருந்து என்பதை டாக்டரிடம் காட்டி, அதற்குப் பொருந்தும் முறையைக் கேட்க வேண்டும்.

சர்க்கரை வியாதியிலும் அப்படியே. வியாதி தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகி, கண்ணும் சிறுநீரகமும் நன்றாக இருந்தால் பெரும்பாலான முறைகளைப் பயன்படுத்தலாம். 20 ஆண்டு தாண்டியிருந்தாலோ, கண்ணோ சிறுநீரகமோ கெட்டிருந்தாலோ ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையும் மூன்று மாத ஊசியும் பொதுவாகப் பொருந்தா. காப்பர் டிக்குத் தடையில்லை. இன்னொன்றும் உண்டு. சர்க்கரை கட்டுக்குள் வராத நிலையில் கருத்தரித்தால், முதல் சில வாரங்களிலேயே சிசுவின் இருதயத்திலும் முதுகுத்தண்டிலும் குறை ஏற்படலாம். ஆகவே குழந்தை வேண்டும் என்று விரும்புகிற தாய்க்கும், சர்க்கரை கட்டுக்குள் வரும்வரை ஒரு கருத்தடை முறை தேவைப்படுகிறது. கருத்தடை என்றாலே பிள்ளை வேண்டாம் என்பதல்ல. பிள்ளை ஆரோக்கியமாய்ப் பிறக்கக் காத்திருப்பதும் அதுவே.

மனசாட்சியின்படி நாள் கணக்குப் பார்க்கும் முறையை மட்டும் கைக்கொள்ளும் தம்பதிகள் நம் நடுவில் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் நெடுநாள் வியாதியும் காய்ச்சலும் சில மருந்துகளும் மாதவிலக்கின் நாட்களையும் உடம்பின் சூட்டையும் மாற்றிவிடும். அப்போது கணக்குத் தப்பும். ஆணுறை ஏறக்குறைய எல்லா வியாதிக்காரருக்கும் பொருந்தும், தொற்று நோய்களையும் தடுக்கும். ஆனால் கர்ப்பமே உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் அதை மட்டும் நம்பியிருப்பது போதாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லுகிறோம்.

கடைசியாக ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தச் சகோதரிக்கு வயது 26. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இருதய வால்வு கெட்டுப்போய், பெரிய மருத்துவமனை ஒன்றில் உலோக வால்வு பொருத்தியிருந்தார்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரையைத் தினமும் சாப்பிட வேண்டும். நான்கு வயதில் ஒரே பெண் குழந்தை. கர்ப்ப காலத்தில் உடம்பிலுள்ள இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது. அவள் இருதயத்துக்கு அது பெரிய சுமை. வார்ஃபரின் சிசுவைப் பாதிக்கும். அதை நிறுத்தினாலோ வால்வில் இரத்தம் உறைந்து தாயின் உயிர் போகும். இனி கர்ப்பம் கூடாது என்று இருதய டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார்.

எந்த முறையைச் சொல்வது? ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை இரத்தத்தை உறையச் செய்யும், ஆகாது. வார்ஃபரின் சாப்பிடுகிறவளுக்குக் காப்பர் டி போட்டால் இரத்தப்போக்கு மிகுதியாகும். ஹார்மோன் உள்ள லூப் இரத்தப்போக்கைக் குறைக்கும், ஆனால் விலை அவர்கள் கைக்கு எட்டாதது. லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனில் வயிற்றுக்குள் வாயுவை ஏற்றித் தலையைத் தாழ்த்திப் படுக்க வைப்பார்கள். பழுதுபட்ட இருதயத்துக்கு அதுவே ஆபத்து. வார்ஃபரினையும் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் செய்துகொண்டால் என்னம்மா?" என்று கேட்டோம்.

கூட வந்திருந்த மாமியார் துடித்துப்போனார். "ஆம்பளைக்கா? மூட்ட தூக்குறவன் டாக்டரம்மா அவன்!" என்றார். வெளியே வந்து எங்கள் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒத்தப் பொட்டப்புள்ளயோட நின்னுடுமா சிஸ்டர்? நாளைக்கு இவளுக்கு ஒண்ணு ஆயிட்டா அவன் கதி என்ன?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அந்தத் தாயைக் கல்நெஞ்சக்காரி என்று நாங்கள் நினைக்கவில்லை. மகனைப் பெற்றவளின் பயம் அது. இது நிரந்தரமான முறை, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் செய்யக் கூடாது என்று எல்லாருக்கும் தெளிவாகச் சொல்லி, அவசரப்படுத்தாமல் அனுப்பினோம். அதுவரைக்கும் மூன்று மாத ஊசியை, இரத்தம் கட்டாதபடி ஊசி போட்ட இடத்தை நெடுநேரம் அழுத்திப் பிடித்து, எச்சரிக்கையோடு போட்டோம்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் மணவாழ்விலுள்ள பெண்களில் 100க்கு ஏறக்குறைய 38 பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். கணவர் செய்துகொண்டதோ நாடு முழுவதிலும் 1000க்கு 3 என்ற கணக்கில்தான். ஆனால் ஆணுக்குச் செய்வதுதான் சிறியது. மரத்துப்போக ஊசி போட்டு, கத்தியில்லாமல், தையலில்லாமல் சிறிது நேரத்தில் முடிந்துவிடும். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் கழித்துப் பாரமான வேலைக்கும் போகலாம். பலமும் குறைவதில்லை, தாம்பத்தியமும் குறைவதில்லை. மூன்று மாதம் வரை வேறு பாதுகாப்போடு இருந்து, விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

ஏழு வாரம் கழித்து அந்தச் சகோதரர் தனியாக வந்தார். தன் தாய் இன்னும் சம்மதிக்கவில்லை என்றார். "நீங்கள் நன்றாக யோசித்தீர்களா?" என்று கேட்டோம். "அவ இருக்கணும்னுதானே வீட்டை வித்து வால்வு போட்டேன். இதுக்கு என்ன யோசன?" என்றார். ஆபரேஷன் நடந்தது. மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தபோது கூடவே மனைவியும் மகளும் வந்தார்கள். மாமியாரும் வந்திருந்தார். ஒன்றும் பேசாமல், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பரிசோதனை முடிவு நாங்கள் எதிர்பார்த்தபடியே இருந்தது. அன்றே அந்தச் சகோதரியின் ஊசியை நிறுத்தினோம்.

அன்பானவர்களே, இந்த வேலைக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. ஒரு பிரஷர் கருவி, எடை பார்க்கும் தராசு, இரத்தப் பரிசோதனை, இவற்றோடு ஒவ்வொரு தாயோடும் உட்கார்ந்து அரைமணி நேரம் பேச ஒரு நர்ஸ் வேண்டும். அந்த அரைமணி நேரத்தைத்தான் உங்கள் காணிக்கைகள் எங்களுக்கு வாங்கித் தருகின்றன.

உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ நெடுநாள் வியாதிக்கு மருந்து சாப்பிடுகிற இளம் பெண் இருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப்போகச் சொல்லுங்கள். கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். முடிந்தால் கணவரையும் கூட அனுப்புங்கள். அன்று அந்தக் காசநோய்ச் சகோதரியிடம் நாங்கள் கேட்கத் தவறிய கேள்வியை இனி எந்தத் தாயிடமும் கேட்காமல் விடுவதில்லை என்று உங்கள் முன் மறுபடியும் சொல்லி முடிக்கிறோம்.