தமிழ் தெரிந்தவருக்கு ஒரு புது வேலை... பொய்யைப் பிடிப்பது!



சிங்கப்பூரில் தமிழ் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் வீட்டில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தமிழ் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" பெற்றோர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆசிரியர் ஆகலாம், வானொலியில் சேரலாம், மொழிபெயர்ப்பாளர் ஆகலாம்" என்பார்கள். பட்டியல் அத்தோடு முடிந்துவிடும்.

அந்தப் பட்டியலில் இன்னொரு வேலையையும் எழுதிக்கொள்ளுங்கள். இணையத்தில் பரப்பப்படும் பொய்யைக் கண்டுபிடிப்பது, அது எங்கிருந்து புறப்பட்டது, யார் பரப்பினார்கள் என்று ஆராய்வது, உண்மையை மக்களிடம் விரைந்து கொண்டுசேர்ப்பது. இதுவும் சம்பளம் வாங்கிச் செய்யும் தொழில்தான்.

"வாட்ஸ்அப் வதந்தியைப் பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா?" என்று சிரிப்பவர்கள், தேக்காவில் நடந்த இரண்டு சம்பவங்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மேளச் சத்தமும் ஒரு பொய்யும்

2015 பிப்ரவரி 3. தைப்பூசத் திருநாள். ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடிகள் போய்க்கொண்டிருந்தன. சிராங்கூன் சாலையில் மேளம் அடித்தது தொடர்பாகச் சிலருக்கும் போலிசாருக்கும் இடையே தகராறு ஏற்பட்டது. மூன்று பேர் கைதானார்கள். ஊர்வலப் பாதையில் இசைக்கருவிகளுக்கு 1973 முதல் இருந்த தடை பக்தர்கள் பலருக்கு ஏற்கெனவே ஒரு மனக்குறை. கைதுச் செய்தி கேட்டு அந்தக் குறை கோபமானது.

அந்த நேரம் பார்த்து, 'தி ரியல் சிங்கப்பூர்' என்ற இணையத்தளத்தில் ஒரு கட்டுரை வந்தது. ஒரு பிலிப்பீன்ஸ் குடும்பம் மேளச் சத்தம் பற்றிப் புகார் சொன்னதால்தான் இவ்வளவும் நடந்தது என்றது அந்தக் கட்டுரை.

அது பொய். ஆனால் அந்தப் பொய் எப்படிப் பின்னப்பட்டது என்று பாருங்கள். தகராறு நடந்தது உண்மை. கைது உண்மை. பக்தர்களின் வருத்தமும் உண்மை. இத்தனை உண்மைகளுக்கு நடுவே ஒரே ஒரு பொய்யைச் செருகினார்கள். தமிழர்களின் கோபத்தைப் பிழைக்க வந்த இன்னொரு சமூகத்தின் பக்கம் திருப்பிவிட அது போதுமானதாக இருந்தது.

அந்தத் தளத்தை நடத்திய இருவர் மீது தேச நிந்தனைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடப்பட்டது. 2016-ல் ஒருவருக்கு 10 மாதமும் மற்றவருக்கு 8 மாதமும் சிறைத் தண்டனை கிடைத்தது. விசாரணையில் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. அந்தத் தளம் ஒன்றரை ஆண்டுக்கும் குறைவான காலத்தில் விளம்பரம் மூலம் ஈட்டிய வருமானம் 5 லட்சம் வெள்ளியை நெருங்கியது! படிப்பவர் கோபப்பட்டால் அடுத்தவருக்கு அனுப்புவார். அனுப்ப அனுப்பப் பார்வை கூடும், பார்வை கூடினால் காசு. பொய் சொல்வது ஒரு வியாபாரமாகிவிட்ட காலம் இது.

ரேஸ் கோர்ஸ் சாலை இரவு

அதற்கு முன்பு, 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில் தமிழ்நாட்டைச் சேர்ந்த கட்டுமான ஊழியர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. ஆம்புலன்சும் போலிஸ் வாகனங்களும் எரிந்தன.

முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014 ஜூனில் அறிக்கை கொடுத்தது. விபத்தைப் பற்றியும் மீட்புப் பணியைப் பற்றியும் கூட்டத்தினர் தவறாகப் புரிந்துகொண்டது முக்கியக் காரணங்களில் ஒன்று என்றது அந்தக் குழு. மது அருந்தியிருந்ததும் ஒரு காரணம். அடிபட்டவரை விட்டுவிட்டுப் பேருந்து ஓட்டுநரையும் நேரக்காப்பாளரையும் காப்பாற்றுகிறார்கள் என்று பலர் நம்பினார்கள். வாய்வழியாகவே அந்தப் பேச்சு பரவியது.

25 பேர் மீது வழக்கு. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டார்கள். நிலத்தை விற்று, நகையை அடகு வைத்து, ஏஜெண்டுக்குப் பணம் கட்டி வருகிறவர்கள் நிறைந்த கூட்டம் அது. வேலை போனால் ஊரில் ஒரு குடும்பமே தடுமாறும். வதந்திக்கு எதிராக யாராவது தமிழில் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் நின்றிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் தவறான பேச்சு முந்திக்கொண்டு, சரியான செய்தி பிந்தி வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த இரவு ஒரு பாடம்.

சிங்கப்பூருக்கு இந்தப் பாடம் புதிதும் அல்ல. 1964 ஜூலையில் மூண்ட இனக் கலவரத்தில் வதந்திகள் எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தன. 23 பேர் மாண்டார்கள். 454 பேர் காயமடைந்தார்கள். அதன் நினைவாகத்தான் ஜூலை 21-ல் பள்ளிகள் இன நல்லிணக்க நாளைக் கொண்டாடுகின்றன.

பொய்யை எப்படிப் பிடிக்கிறார்கள்?

சரி, இந்த வேலையில் இருப்பவர் காலையில் அலுவலகம் போய் என்ன செய்வார்?

உதாரணத்துக்கு, "தேக்காவில் நேற்றிரவு அடிதடி" என்று ஒரு வீடியோ வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்ப்பவர் முதலில் அதை நிறுத்தி நிறுத்திப் படங்களாக எடுத்துக்கொள்வார். அந்தப் படங்களை இணையத் தேடலில் போட்டு, இதே காட்சி முன்பு எங்காவது வந்திருக்கிறதா என்று பார்ப்பார். கடைப் பலகையில் என்ன எழுத்து இருக்கிறது? வண்டி எண் எந்த நாட்டுடையது? நிழல் எந்தப் பக்கம் விழுகிறது? பேசுகிறவர்களின் தமிழ் சென்னைத் தமிழா, யாழ்ப்பாணத் தமிழா, மலேசியத் தமிழா? பிறகு சம்பந்தப்பட்டவர்களைத் தொடர்புகொண்டு கேட்பார். கடைசியில், எதை வைத்து இந்த முடிவுக்கு வந்தோம் என்பதைப் படிப்பவரும் சோதித்துப் பார்க்கும்படி எழுதுவார். கிட்டத்தட்டத் துப்பறியும் வேலைதான்.

சில பொய்களுக்கு இவ்வளவுகூடத் தேவையில்லை. 2015 மார்ச் 18-ல், திரு லீ குவான் இயூ மறைந்துவிட்டதாகப் பிரதமர் அலுவலக இணையப் பக்கம் போலவே ஒரு படம் பரவியது. ஒரு மாணவர் செய்த போலி அது. உலகப் புகழ் பெற்ற சிஎன்என்கூட அதை நம்பிச் செய்தி போட்டது! பிரதமர் அலுவலகத்தின் உண்மையான பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். திரு லீ மறைந்தது அதற்கு ஐந்து நாள் கழித்து, மார்ச் 23-ல்.

2016 நவம்பரில் பொங்கோல் அடுக்குமாடி ஒன்றின் கூரை இடிந்துவிட்டதாக ஒரு படம் வந்தது. போலிசாரும் குடிமைத் தற்காப்புப் படையினரும் பதறிப்போய் விரைந்தார்கள். போய்ப் பார்த்தால், கட்டடத்தின் வடிவமைப்பே அப்படித்தான்!

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு வேலை இன்னும் கடினமாகிவிட்டது. 2023 டிசம்பரில், அப்போது பிரதமராக இருந்த திரு லீ சியன் லூங்கே மின்னிலக்க நாணய முதலீட்டுக்கு ஆள் சேர்ப்பது போல ஒரு போலிக் காணொளி உலவியது. முகம் அவருடையது, குரலும் அவருடையது போலவே. அவர் அப்படிப் பேசவே இல்லை.

ஒரே வேலை அல்ல, பல வேலைகள்

உண்மை சரிபார்ப்பவர் ஒருவர் என்றால், ஆயிரம் போலிக் கணக்குகள் ஒரே நேரத்தில் ஒரே வாசகத்தை ஏன் பரப்புகின்றன என்று புள்ளிவிவரங்களை வைத்து ஆராய்பவர் இன்னொருவர். போலிக் காணொளியைக் கண்டறியும் மென்பொருளை எழுதுபவர் வேறொருவர். சட்டம் தெரிந்தவர், உளவியல் படித்தவர், பள்ளிகளிலும் முதியோர் நிலையங்களிலும் போய்க் கற்றுத்தருபவர் என்று எல்லோருக்கும் இதில் இடம் உண்டு.

சிங்கப்பூரிலேயே இதற்கான இடங்கள் இருக்கின்றன. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வீ கிம் வீ தொடர்பு, தகவல் பள்ளி இத்துறையைக் கற்பிக்கிறது. அதே பல்கலைக்கழகத்தின் எஸ். ராஜரத்னம் அனைத்துலக ஆய்வுப் பள்ளி, பொய்ப் பிரசாரத்தைத் தேசியப் பாதுகாப்புக் கோணத்தில் ஆராய்கிறது. 5 கோடி வெள்ளி ஆராய்ச்சித் திட்டத்தின் கீழ், இணையப் பாதுகாப்புத் தொழில்நுட்பத்துக்கென்று ஒரு நிலையம் 2024-ல் ஏ-ஸ்டார் ஆய்வு அமைப்பில் தொடங்கப்பட்டது. தேசிய நூலக வாரியம் 2013 முதலே தகவலைச் சோதித்துப் பார்க்கும் பழக்கத்தை மக்களுக்குச் சொல்லித்தருகிறது. 'செக்மேட்' என்ற தொண்டூழியர் அமைப்புக்குச் சந்தேகமான செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சரிபார்த்துச் சொல்கிறார்கள். படிக்கும் காலத்திலேயே இப்படிப்பட்ட தொண்டூழியத்தில் சேர்ந்து பழகிக்கொள்வது நல்ல தொடக்கம்.

தமிழ் எங்கே வருகிறது?

மென்பொருள்கள் ஆங்கிலத்தில் கெட்டிக்காரத்தனம் காட்டுகின்றன. தமிழில் அந்த அளவுக்குத் தேறவில்லை. அதிலும் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ், குரல் பதிவில் வரும் வட்டாரப் பேச்சு, கேலி, குத்தல் இவையெல்லாம் அவற்றுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். ஒரு பேச்சு வெறும் நகைச்சுவையா, ஒரு சமூகத்தின் மீது கல்லெறியத் தூண்டுவதா என்பது அந்த மொழியில் வளர்ந்தவருக்குத்தான் சட்டென்று புரியும்.

மொழி புரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையே சாட்சி. 2018 பிப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில், உணவில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் குற்றம் சாட்டினார்கள். மிரட்டிக் கேட்டவர்களின் சிங்களம் கடைக்காரருக்குச் சரியாகப் புரியவில்லை. அவர் தலையாட்டியது வீடியோவாகி, 'ஒப்புக்கொண்டுவிட்டார்' என்று பரவியது. பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பிறகு ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, உணவில் இருந்தது மாவுக்கட்டி என்று தெரிந்தது.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டிலேயே நடந்ததை எல்லோரும் அறிவார்கள். பீகார் தொழிலாளர்களைத் தமிழர்கள் கொல்கிறார்கள் என்று, வேறு இடங்களில் வேறு காரணங்களுக்காக நடந்த வன்முறைக் காட்சிகளைப் பரப்பினார்கள். தொழிலாளர்கள் பயந்துபோனார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. தமிழ்நாட்டுப் போலிசார் இந்தியிலும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அங்கே பயந்தவர் பீகார்த் தொழிலாளி. சிங்கப்பூர்த் தங்குவிடுதியில் அதே இடத்தில் இருப்பவர் தமிழ்த் தொழிலாளி. அவருக்கு வரும் பொய் தமிழில்தான் வரும். அதை மறுக்கும் உண்மையும் தமிழில் வந்தால்தான் அவர் நம்புவார்.

ஆசை காட்டி மோசம் செய்யக்கூடாது

இந்தத் தொழிலில் உள்ள சிரமங்களையும் சொல்லிவிட வேண்டும். வேலை நிரந்தரம் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. புகழ்பெற்ற ஸ்டான்ஃபோர்டு இணைய ஆய்வகம் 2024-ல் ஆட்களைக் குறைத்துச் சுருங்கியது. 2025 ஜனவரியில் மெட்டா நிறுவனம் அமெரிக்காவில் உண்மை சரிபார்ப்புத் திட்டத்தை நிறுத்துவதாக அறிவித்தது. தவிர, நாள் முழுக்க வெறுப்பையும் ரத்தத்தையும் பார்த்துக்கொண்டிருப்பது மனத்தை வாட்டும். வசவும் மிரட்டலும் வரும்.

இன்னொரு பெரிய கேள்வியும் இருக்கிறது. எது பொய் என்று யார் தீர்மானிப்பது? 'பொஃப்மா' எனப்படும் இணையப் பொய்ச் செய்திகளுக்கு எதிரான சட்டம் 2019 அக்டோபர் 2 முதல் நடப்பில் இருக்கிறது. திருத்தம் போடும்படி அமைச்சர் உத்தரவிடலாம். பாதிக்கப்பட்டவர் உயர் நீதிமன்றத்தில் முறையிடலாம். விரைந்து பரவும் பொய்யை விரைந்து நிறுத்த இது தேவை என்கிறது அரசு. அமைச்சரிடமே இந்த அதிகாரம் இருந்தால் விமர்சனமும் அடங்கிப்போகும் என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். இந்த விவாதத்தைப் புரிந்துகொள்ளாமல் ஒருவர் இந்த வேலைக்கு வரக்கூடாது. அரசு சொன்னாலும், எதிர்க்கட்சி சொன்னாலும், சொந்தச் சமூகத்துப் பெரியவர் சொன்னாலும், ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கும் நேர்மை வேண்டும். தன் முடிவு தவறென்றால் அதைப் பகிரங்கமாகத் திருத்திக்கொள்ளும் துணிச்சலும் வேண்டும். அது இல்லாதவர் எவ்வளவு படித்திருந்தாலும் இந்த நாற்காலிக்குப் பொருத்தமில்லை.

மாணவர்களே, கணினியும் புள்ளியியலும் படிப்பவர்கள் தமிழை விட்டுவிடாதீர்கள். தமிழ் படிப்பவர்கள் கணினியைக் கண்டு ஒதுங்காதீர்கள். இரண்டும் கைவசம் இருப்பவர்கள் குறைவு. கூடவே மலாயோ, இந்தியோ, வங்காளமோ ஒன்று தெரிந்தால் இன்னும் நல்லது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்கு இதில் ஆர்வம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. இன்றிரவு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி ஒன்றை எடுத்துக் கொடுங்கள். "இது நிஜமா? பார்த்துச் சொல்லுப்பா" என்று கேளுங்கள். பிள்ளை அரை மணி நேரம் தேடிவிட்டு வந்து, "அத்தை அனுப்பினது தப்பும்மா, இது பழைய வீடியோ, இதோ பாருங்க" என்று ஆதாரத்தோடு காட்டினால், அதட்டாதீர்கள். முதலில் அத்தையிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். மனம் நோகாமல் உண்மையைச் சொல்லி நம்பவைப்பதுதான் இந்தத் தொழிலில் எல்லாவற்றையும்விடச் சிரமமான வேலை.