தகப்பன் வழி நிலம், தாய் வழி அடிமைத்தனம்



தோட்டத்தில் பெயர்ப் பதிவு எழுதும் நாங்கள் ஒரு பழைய பதிவைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

அமெரிக்காவில், வர்ஜீனியாவின் புகையிலைத் தோட்ட முதலாளிகளுக்கு ஆங்கிலேயர் வழக்கமே சட்டம். பிள்ளைக்குத் தகப்பன் பெயர். உயில் இல்லையேல் நிலம் மூத்த மகனுக்கு. ஆனால், 1662-ல் அங்குள்ள சட்டசபை வேறு விதி செய்தது: கறுப்பினத் தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை. தகப்பன் முதலாளியே ஆனாலும் அப்படித்தான்!

1773-ல் ஜான் வெய்ல்ஸ் என்ற முதலாளி இறந்தார். மகள் மார்த்தாவுக்கும் மருமகன் தாமஸ் ஜெபர்சனுக்கும் 135 அடிமைகள் பங்காக வந்தார்கள். அவர்களில் சாலி ஹெமிங்ஸ் என்ற குழந்தையும் வெய்ல்ஸின் மகளே என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. தகப்பன் ஒருவர், அக்காள் வாரிசு, தங்கை சொத்து!

மூத்த மகன் உரிமையை 1785-ல் சட்டமியற்றி நீக்கினார்கள். அடிமைத்தனம் ஒழிய 1865 ஆயிற்று.

தோழர்களே, யார் வாரிசு என்பதைச் சட்டமே தீர்மானித்தது. சட்டம் எழுதும் இடத்தில் உழைப்பவன் குரலும் ஒலிக்க வேண்டும்.