மலையில் ஊற்று செத்தால் ஈரோட்டு வயலுக்குத் தண்ணீர் ஏது?



பவானிசாகர் அணையைப் பார்த்திருப்பீங்க. 32.8 டிஎம்சி கொள்ளளவு. அதை நம்பிக் கீழ்பவானிப் பாசனத்தில் சுமார் 2 லட்சம் ஏக்கர் இருக்கு. அணை நிறைஞ்சா டிவியில் காட்டுறான், மதகு திறந்தா அமைச்சர் மலர் தூவுறார். சரி, அந்தத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு எந்த டிவியாவது காட்டியிருக்கா?

நீலகிரியில் இருந்து வருது. மாயாறு அங்கே பிறக்குது. பவானிக்கும் பெரும் தண்ணீரைக் கொடுப்பது அந்த மலைதான். அந்த மலையில் பனி உருகுவதில்லை. அப்புறம் எப்படி மழை இல்லாத மாசியிலும் பங்குனியிலும் ஓடை ஓடுது? மலைச்சரிவு முழுக்கப் புல்வெளி, மடிப்புகளில் சோலைக்காடு, பள்ளங்களில் சதுப்பு. பெய்யுற மழையை இந்த மூன்றும் பஞ்சு மாதிரி உறிஞ்சி வெச்சுக்கிட்டு, கோடையில் கொஞ்சம் கொஞ்சமா விடும். உலகத்தில் எந்த பொறியாளரும் கட்டாத அணை அது.

இதை முதலில் அறிந்தவர்கள் தோடர்கள். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 2000 பேர்தான். அவர்களுடைய மந்துக்குப் போனால் ஒரு வழக்கத்தைக் கேட்பீங்க. எருமைப் பால் கோயிலுக்கு எடுக்கும் தண்ணீர் ஒரு ஓடையில். வீட்டுப் புழக்கத்துக்கு எடுக்கும் தண்ணீர் வேறு ஓடையில். ஒரே ஓடைதான் இருந்தால் அதிலும் இடம் பிரித்து வைப்பார்கள். கோயில் தண்ணீரில் வீட்டுப் பாத்திரம் படக்கூடாது. நகரத்தில் இருக்கும் நம்மாளு இதைக் கேட்டால் மூடநம்பிக்கை என்பான். அதே நகரத்தில்தான் சாக்கடையை ஆற்றில் விட்டுட்டு, அந்த ஆற்றிலேயே குடிநீருக்குக் குழாய் போடுறோம்!

அந்தக் கோயிலுக்குக் கூரை வேய்வதும் சதுப்பில் விளையும் ஒரு வகைப் புல்லால்தான். சதுப்பு காய்ந்தால் புல் இல்லை, புல் இல்லை என்றால் கோயிலுக்குக் கூரை இல்லை. தோடர் பெரியவர் புல்லைத் தேடி நடக்கும் தூரம் கூடக் கூட, உங்க ஆற்றில் தண்ணீர் குறையுதுன்னு அர்த்தம். இதைவிட நல்ல அளவுகோல் எந்த அலுவலகத்தில் இருக்கு?

என்ன நடந்தது? வெள்ளைக்காரன் வந்தான். புல்வெளியைப் பார்த்து 'தரிசு' என்று எழுதினான். கற்பூர மரமும் சீகை மரமும் கொண்டுவந்து நட்டான். சுதந்திரம் வந்த பிறகு நம்ம அரசு அந்தத் தவறைத் திருத்தியதா? இன்னும் பெரிசா செய்தது. தோல் பதனிடப் பட்டை வேணும், ஆலைக்கு மரக்கூழ் வேணும் என்று மலைமலையா நட்டாங்க. கிளென்மார்கன் பக்கம் அரசு விஞ்ஞானிகளே அளந்து பார்த்தாங்க. கற்பூர மரம் நட்ட நீர்ப்பிடிப்பில் முதல் பத்தாண்டிலேயே தண்ணீர் வரத்து சுமார் 16 சதவீதம் குறைஞ்சது. அப்படி வளர்த்த மரம் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குப் போச்சு. அந்த ஆலைக் கழிவு பவானியிலேயே கலந்தது. மேலே ஊற்றைக் குடித்த மரம், கீழே ஆற்றைக் கெடுத்த ஆலை. விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராடித்தான் அந்த ஆலைக்கு முடிவு வந்தது, நினைவிருக்கட்டும்.

இப்போது அந்நிய மரங்களை அகற்றுறோம் என்று அரசு சொல்லுது. வரவேற்கிறோம். ஆனால் சீகை விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோட கிடக்கும். மரத்தை வெட்டி லாரியில் ஏற்றிட்டுப் போனால் மறுபடி புதர் மாதிரி முளைக்கும். வெட்டின இடத்தில் வருஷா வருஷம் நாற்றைப் பிடுங்கணும், புல்லை நடணும். எந்தப் பள்ளத்தில் எந்தப் புல் வரும் என்பது மந்துப் பெரியவர்களுக்குத் தெரியும். ஒப்பந்தக்காரருக்குத் தெரியுமா? அந்த வேலையையும் கூலியையும் மலைமக்களிடம் கொடு என்கிறோம்.

சலுகையா கேட்கலை, சட்டப்படி கேட்கிறோம். 2006 வன உரிமைச் சட்டம் 5ஆம் பிரிவைப் படிச்சுப் பாருங்க. நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் நீராதாரங்களையும் காக்கும் அதிகாரம் அங்குள்ள கிராம சபைக்கு இருக்கு. தமிழ்நாட்டில் நீதிமன்ற வழக்கால் பட்டா வழங்குவது பல வருஷம் முடங்கிக் கிடந்தது. அந்தத் தடை நீங்கியும் வேகம் வரலை. தனிப்பட்டா ஒன்றிரண்டைக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கறாங்க. சமூக வன உரிமை எங்கே?

ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது காலடியைப் பாருங்க. அந்த இடமும் பக்கத்து ரேஸ் கோர்ஸும் ஒருகாலத்தில் ஏரி. அதே கதி மிச்சமிருக்கும் சதுப்புகளுக்கும் வரக்கூடாது. கோத்தகிரி லாங்வுட் சோலை சுற்றுப்பட்ட ஊர்களுக்குக் குடிதண்ணீர் தருது. ஊர்க்காரங்களே முன்னின்று காத்த சோலை அது. முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

நீலகிரியில் இருக்கும் உறவுகளுக்கு ஒரு வேலை. உங்க ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடங்க. ஊற்று, ஓடை, சதுப்பு எதுவா இருந்தாலும் அதன் பெயரையும், கோடையில் தண்ணீர் நிற்கிறதா என்பதையும், யார் வேலி போட்டிருக்காங்க என்பதையும் எழுதி வாங்குங்க. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் அந்தப் பட்டியலைத் தீர்மானமா வைங்க. ஈரோடு, கோபி, சத்தி உறவுகள் அதே நாளில் உங்க ஊர் கிராம சபையில் அதற்கு ஆதரவுத் தீர்மானம் போடுங்க. தீர்மான நகலைக் கையெழுத்தோடு கேட்டு வாங்காமல் எழுந்து வராதீங்க.