மொரட்டுவையின் மூத்த மாணவர்கள்

 

2004 டிசம்பர் 26. மலேசியாவின் பினாங்கு, கெடா கரைகளில் உயிர்களைப் பறித்த ஆழிப்பேரலை, இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. யாரைக் காணவில்லை, யார் எந்த முகாமில் இருக்கிறார், எந்த ஊருக்கு உதவி போய்ச் சேரவில்லை என்று பார்க்க ஒரு பொதுப் பட்டியல் இல்லை. இலங்கையின் மென்பொருள் துறையினர் தன்னார்வலர்களாகத் திரண்டு சில வாரங்களில் ஒரு மென்பொருளை எழுதி முடித்தார்கள். அதுதான் சகானா. மூல நிரலைப் பூட்டிவைக்காமல் திறமூலமாகத் திறந்துவிட்டார்கள். அதனால் 2005இல் காஷ்மீர் நிலநடுக்கத்தின்போது பாகிஸ்தான் அதை எடுத்துப் பயன்படுத்தியது. 2006இல் பிலிப்பைன்ஸின் லெய்த்தே நிலச்சரிவுக்கும் அது கைகொடுத்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகநலத் திட்டங்களுக்கு வழங்கும் விருதை 2005இல் விக்கிப்பீடியா பெற்றது. அடுத்த ஆண்டு பெற்றது சகானா.

அதே இலங்கைத் தீவிலிருந்து இன்னொரு செய்தியும் வந்தது. மாணவர்களுக்கு உதவித்தொகையும் ஒரு வழிகாட்டியும் கொடுத்துத் திறமூலத் திட்டங்களில் வேலை செய்யவைக்கும் ‘சம்மர் ஆஃப் கோட்’ திட்டத்தை கூகுள் 2005இல் சுமார் 400 பேருடன் தொடங்கியது. இதுவரை 20,000 பேருக்கு மேல் அதில் சேர்ந்திருக்கிறார்கள். முதல் பத்தாண்டுகளில் உலகிலேயே மிக அதிக மாணவர்களை அனுப்பியது அமெரிக்காவின் பெயர்பெற்ற பல்கலைக்கழகம் எதுவும் அல்ல. இலங்கையின் மொரட்டுவைப் பல்கலைக்கழகம்.

எப்படி? ஓர் ஆண்டு தேர்வான அண்ணன், அடுத்த ஆண்டு தம்பியின் விண்ணப்பத்தைப் படித்துத் திருத்துகிறான். அக்கா தனக்கு வழிகாட்டியவரிடம் தங்கையை அறிமுகப்படுத்துகிறாள். திறமை எல்லா ஊரிலும் உண்டு. இந்தச் சங்கிலிதான் எல்லா ஊரிலும் இல்லை.

இந்தப் பட்டமளிப்பு மேடையில் நிற்கும் நான் படித்த காலத்தில் இணையம் என்றால் ஜாரிங், டிஎம்நெட் தொலைபேசி இணைப்புதான். லினக்ஸ் குறுந்தட்டு ஒன்று கிடைத்தால் விடுதி முழுக்கச் சுற்றிவரும். நிறுவத் தெரியாதவனுக்குப் பக்கத்து அறைக்காரனே ஆசான். அந்தப் பக்கத்து அறைதான் இன்று உலகளவில் விரிந்திருக்கிறது.

இத்தகைய திட்டங்களில் நுழையும் வழி எளிது, ஆனால் பொறுமை வேண்டும். கூகுள் திட்டத்தில் சேரும் அமைப்புகளின் பட்டியல் வழக்கமாகப் பிப்ரவரியில் வரும். அதுவரை காத்திருப்பவர் பிந்திவிடுவார். தேர்வாகும் மாணவர் பெரும்பாலும் முன்கூட்டியே ஒரு திட்டத்தைப் பிடித்து, அதைத் தன் கணினியில் ஓடவைத்து, ஆவணத்தில் ஒரு பிழை, சோதனையில் ஓர் ஓட்டை என்று சரிசெய்து அனுப்பியிருப்பார். கேள்வியை வழிகாட்டிக்குத் தனியாக அனுப்பாமல் பொது அரட்டையில் கேட்டிருப்பார். அங்கே பத்துப் பேர் கண்ணில் படும். 2022 முதல் மாணவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 18 வயதும் திறமூலத்துக்குப் புதியவராக இருப்பதும் போதும். ஆகவே இன்று பட்டம் பெற்றவருக்கும் கதவு திறந்தே இருக்கிறது. துறையில் ஒதுக்கப்பட்டவர்களுக்கென்றே நடக்கும் அவுட்ரீச்சி என்ற திட்டம், ஆண்டுக்கு இருமுறை, மூன்று மாதப் பயிற்சிக்கு 7,000 அமெரிக்க டாலர் தருகிறது. விண்ணப்பக் காலத்திலேயே பங்களிக்க வேண்டும் என்பது அங்கே விதி. நம் பெண்பிள்ளைகள் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தமிழுக்கும் திறமூலத்தில் வேலை கிடக்கிறது. 1980களில் முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கியது இந்த மலேசிய மண்ணில்தான். 2001இல் தமிழ் இணைய மாநாடு கூடியதும் கோலாலம்பூரில்தான். இன்று முத்து அண்ணாமலையும் நண்பர்களும் வளர்க்கும் ‘ஓப்பன் தமிழ்’ பைத்தான் நிரல்தொகுப்பு எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது. தமிழ் எழுதவும் பைத்தான் எழுதவும் தெரிந்த இருபது வயதுக்காரருக்கு இதைவிட நல்ல தொடக்கம் அரிது.

கல்லூரி நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு மாலை, கணினிக்கூடத்தை இரவு ஒன்பது மணிவரை திறந்துவையுங்கள். இன்று பட்டம் வாங்கியவர்களில் இரண்டு பேர் வேலை முடிந்து எம்ஆர்டி ரயில் பிடித்து வந்து, முதலாண்டு மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய முதல் திருத்தத்தை அனுப்பவைக்கட்டும். வரும் பிப்ரவரிப் பட்டியலுக்கு முன்பே அதைத் தொடங்கிவிடலாம்.