இரண்டாவது ஈயத் திரை ஏன்?

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனையின் கதிரியல் இயற்பியலாளர் ஆற்றிய உரை)



அயோடின் வார்டுக்கு ஈயத் திரை வாங்கக் காணிக்கை அனுப்பினீர்கள். இப்போது இன்னொன்று கேட்கிறோம். ஏன் என்று நீங்கள் கேட்பது நியாயம். கணக்கில் தவறியவன் நான். ஆகவே நானே சொல்கிறேன்.

தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்தபின் சிலருக்கு அயோடின் 131 என்ற கதிரியக்க மருந்தை உட்கொள்ளக் கொடுக்கிறோம். எட்டு நாளில் அதன் வீரியம் பாதியாகும். பெரும்பகுதி முதல் இரண்டு நாளிலேயே சிறுநீரில் போய்விடும். ஆனால் முதல் நாளில் நோயாளியின் உடம்பு முழுவதுமே கதிர் வீசும். அன்றும் யாராவது அருகே போகத்தானே வேண்டும்?

நான் நோயாளியை ஒரு புள்ளியாக வைத்துக் கணக்கிட்டேன். புள்ளியானால், தூரம் இரட்டித்தால் கதிர் நாலில் ஒன்றாகும். கட்டிலிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளந்து, ஒரு மீட்டரில் அதில் பதினொன்றில் ஒரு பங்குதான் இருக்கும் என்று எழுதி வைத்தேன். வார்டு சிஸ்டர் கருவியை ஒரு மீட்டரில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்க எழுதினதைவிடக் கூடக் காட்டுதே" என்றார்கள். கருவி பழுது என்றேன். கருவியில் ஒரு பழுதும் இல்லை.

படுத்திருக்கும் மனிதர் அகல்விளக்கின் சுடர் அல்ல, ட்யூப் லைட். 160 செ.மீ. நீளத்துக்கு மருந்து சீராகப் பரவியிருப்பதாக வைத்துப் பாருங்கள். 30 செ.மீ.யிலிருந்து ஒரு மீட்டருக்கு விலகினால் கதிர் ஆறில் ஒன்றாகத்தான் குறைகிறது. ஐந்து மீட்டர் தள்ளி நின்றால் புள்ளிக் கணக்கில் நூற்றுக்கு ஒன்றுதான் பிழை வரும். நம் வார்டில் அவ்வளவு இடம் ஏது!

திரையிலும் அதே தவறுதான். தடிமன் போதும், 3 மி.மீ. ஈயமே ஏறக்குறைய பாதியைத் தடுக்கும், சாய்வாக வரும் கதிருக்கோ ஈயம் இன்னும் தடிமன். போதாதது அகலம். வயிற்றுக்கு நேரே திரையை வைத்தோம். கழுத்திலிருந்தும் காலிலிருந்தும் கிளம்பிய கதிர் திரையின் விளிம்புக்கு வெளியே நேராக வந்து நர்ஸைத் தொட்டது.

பயப்படாதிருங்கள். சிஸ்டர்களின் பேட்ஜ் அளவுகள், ஆண்டுச் சராசரி 20 மில்லிசீவர்ட் என்ற சட்ட வரம்புக்கு மிகவும் கீழேதான். ஆனாலும் தவிர்க்கக்கூடியதை அவர்கள் ஏன் சுமக்க வேண்டும்? தடிமனான திரை வேண்டாம். இருப்பதைப் போலவே இன்னொன்று, பக்கத்தில் சேர்த்து வைக்க. அதுவரை சிஸ்டர்கள் கால்மாட்டில் நின்றுதான் நோயாளியிடம் பேசுகிறார்கள். அவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.